எத்தனை நாள் வீக்கம்

முட்டியில் இருப்பது சீழ் என்றால் இன்றைக்கே திறந்து கழுவ வேண்டும், உண்ணிக் கடியால் வந்த வீக்கம் என்றால் மாத்திரை போதும் என்று சொல்லிக்கொண்டே, டாக்டர் என் மகளின் விரலைக் குத்தி ஒரு சின்ன அட்டையில் ரத்தத்தை விட்டார்.

இருபது நிமிடம். ஒரு கோடு எப்படியும் விழுமாம். இரண்டாவது கோடும் விழுந்தால் உண்ணிதான்.

கிருத்திகாவுக்குப் பத்து வயது. வலது முட்டி தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. ஆபரேஷன் இருக்கலாம் என்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

மே மாதம் கொல்லிமலைக்குப் போயிருந்தபோது அவள் தொடையில் ஓர் உண்ணி ஒட்டியிருந்தது. பிடுங்கிப் போட்டவர் என் வீட்டுக்காரர். அவர் அதைச் சொன்னதால்தான் இந்தச் சோதனையே. உண்ணியால் வரும் அந்த நோய்க்கு லைம் என்று பேராம், நம் பக்கம் ரொம்ப அபூர்வமாம்.

அந்த நோயாகவே இருக்கட்டும் என்று எல்லாச் சாமியையும் வேண்டினேன். பெற்ற பிள்ளைக்கு நோய் கேட்ட பாவி நானாகத்தான் இருப்பேன்.

இரண்டாவது கோடும் விழுந்தது. விழுந்தது என்றும் சொல்ல முடியாது, அவ்வளவு மங்கல்.

டாக்டர் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "இதை மட்டும் நம்ப முடியாதுங்க. ரெண்டே நாள்ல இவ்வளவு வீக்கம்னா சீழாத்தான் இருக்கும். தியேட்டருக்குக் கொண்டுபோயிரலாம்."

இரண்டு நாள் என்று சொன்னவள் நான்.

பொய். ஆடி மாதத்திலிருந்தே ஹாஸ்டலில் இருந்து போன் பண்ணும்போதெல்லாம் கால் வலி என்றாள். வீங்கும், வடியும், திரும்ப வீங்கும். வீட்டுக்கு வருவதற்குப் போடும் நாடகம் என்று நினைத்தேன். வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. ஹாஸ்டலே வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டவர் அவர்.

நர்ஸ் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ரெண்டு மாசமாச்சுங்க சார்," என்றேன். "வீங்கி வீங்கி வடியுதுங்க. நான்தான் மறைச்சுப்போட்டனுங்க."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

டாக்டர் திட்டவில்லை. ஸ்ட்ரெச்சரை நிறுத்தச் சொன்னார். காய்ச்சல் இல்லை, காலை ஊன்றி நடக்கிறாள், இரண்டு மாதமாக வந்து வந்து போகிறது என்றால் உண்ணிதான். ஊசியால் முட்டி நீரை எடுத்து ஒருமுறை உறுதி செய்துகொள்ளலாம், கத்தி இப்போது வேண்டாம் என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கிருத்திகா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, வார்டன் மேடத்துக்கும் போன் பண்ணிச் சொல்லிருங்க, நான் நடிக்கலைன்னு."

அவள் நடிப்பாள், கண்டுகொள்ளாதீர்கள் என்று வார்டனிடம் சொல்லிவைத்தது யார் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.