முப்பது கிராம்

ஆடி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கட்டிலில் கிடக்கும் வேடியப்பனின் மார்பில் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. மலைக்குப் போகும் காவடிக் கூட்டத்தின் "அரோகரா" தெருவில் எழுந்து எழுந்து தேய்கிறது. யாமினியின் மேஜையில், பூதக்கண்ணாடிக்குக் கீழே, அவள் வடிவமைத்த சாக்கெட் இருக்கிறது. சிப்பையும் போர்டையும் இணைக்க அதில் ஆயிரத்துச் சொச்சம் ஸ்பிரிங்குகள், ஒவ்வொன்றும் மயிரிழை கனம். அழுத்தினால் முப்பது கிராமாவது திருப்பித் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் இணைப்பு இல்லை. அந்த அளவை அவள் விரலே சொல்லிவிடும். அதே விரலை இப்போது, பக்கவாதம் வந்து இருபது நாளாக நினைவில்லாத அப்பாவின் உள்ளங்கையில் வைத்திருக்கிறாள். விரலைக் கொடுத்தால் அழுத்துகிறாரா என்று பாருங்கள், அதுதான் நம்பிக்கை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "அம்மா! நைனா வெரல அமுக்குறாரும்மா!" அடுப்படியிலிருந்து கௌரியம்மாள் ஓடிவருகிறாள். "நெஜமாவாடி? முருகா, காப்பாத்திட்டப்பா! கிருத்திகைக்கே வந்து மொட்ட போட்டுக்கறேன்." அளக்கும்போது கையை ஆட்டாதீர்கள், ஆட்டினால் உங்கள் அழுத்தத்தையே அளந்துகொண்டிருப்பீர்கள் என்று வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் யாமினிதான் சொல்வாள். விரலை அசைக்காமல் நிறுத்துகிறாள். மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறாள். அப்பாவின் கை வெதுவெதுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். இத்தனை நேரமும் அழுத்தியது அவள்தான். "அம்மா…" என்கிறாள். ஜன்னலோரம் மலையைப் பார்த்து நிற்கும் கௌரியம்மாளுக்கு அது கேட்கவில்லை. கொண்டையை அவிழ்த்து, நரைத்த முடியை முதுகெல்லாம் பரத்திவிட்டுக்கொண்டு, தெருவோடு சேர்ந்து அவளும் "அரோகரா" என்கிறாள்.