கேள்வி கேட்கிறவள்

அன்றைக்கும் தியுர்மாதான் வாயைத் திறந்தாள்.

"சூப்பையும் சோத்தையும் ஒண்ணா நீட்டினா, வந்தவங்க எதை எங்க வைப்பாங்க இபு? இருக்கிறது ஒரு மடிதானே?"

சுமியாத்திக்குச் சுருக்கென்றது.

சோலோ நகரத்தில் கல்யாணங்களுக்குச் சமைத்துப் பரிமாறுவது அவள் தொழில். தியுர்மா உட்பட வேலைக்கு வருகிற பெண்களுக்கெல்லாம் அவள் 'இபு', அதாவது அம்மா. பந்திக்கு மேசை கிடையாது. விருந்தாளிகள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், தட்டுகள் கைமாறிக் கைமாறி வரும். முதலில் டீ, அப்புறம் சூப், அப்புறம் சோறு, கடைசியில் ஐஸ். ஐஸைச் சாப்பிட்டதும் எழுந்து கிளம்பிவிட வேண்டியதுதான்.

இந்தச் சனிக்கிழமை ஒரே மண்டபத்தில் அடுத்தடுத்து இரண்டு கல்யாணம். சூப்பையும் சோற்றையும் சேர்த்தே கொடுத்துவிட்டால் நேரம் மிச்சம் என்று சுமியாத்தி முடிவு செய்திருந்தாள். முதல் நாளே சொன்னபோது மற்ற பெண்கள் எல்லாரும் சிரித்த முகமாய்த் தலையாட்டியாகிவிட்டது. விடிந்து வந்ததும் இவள் மட்டும் இப்படி.

எப்போதும் இப்படித்தான். போன மாதம், கைக்குழந்தைக்காரிக்கு நடுவில் கொஞ்சம் ஓய்வு தரக் கூடாதா என்று கேட்டாள். இவளுக்குக் குழந்தையே கிடையாது.

"மேடான்காரி. அவங்க ஊர்ப் பேச்சே சண்டை போடுற மாதிரிதான்" என்று புருஷனிடம் அலுத்துக்கொண்ட சுமியாத்தி, மறுநாள் தியுர்மாவைத் தனியே கூப்பிட்டாள். ஒத்துப்போகிற ஆள்தான் தனக்கு வேண்டும், இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

எகிறுவாள் என்று பார்த்தால், ஒரு வார்த்தை இல்லை. இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எல்லாவற்றுக்கும் பேசுகிறவள், தன் வேலை போகும்போது மட்டும் ஏன் பேசவில்லை? சுமியாத்திக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த நாள் எல்லாரையும் உட்காரவைத்து மறுபடி ஏற்பாட்டைச் சொன்னாள். யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டாள். சிரித்தார்கள், தலையாட்டினார்கள். இந்த அமைதிக்குத்தானே ஆசைப்பட்டாள். ஆனால் ஒருத்தியும் எழுந்து வேலைக்குப் போகவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்கள்.

என்னவென்று கேட்டால், ஒன்றுமில்லை என்றாள் இருப்பதிலேயே மூத்தவளான பார்னி.

பாத்திரம் கழுவுகிற இடத்தில் பார்னியைத் தனியாகப் பிடித்துத் துருவித் துருவிக் கேட்டாள் சுமியாத்தி. பார்னி கையிலிருந்த கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"எங்களுக்கு எதையும் ராத்திரி பூரா மனசுல ஊறவெச்சாத்தான் யோசனை வரும் இபு. வந்தாலும் உங்க முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது? தியுர்மா பேசிக்கிட்டே யோசிக்கிறவ, அவளுக்குக் கூச்சம் கிடையாது. காலையில வந்ததும் அவ காதுல போட்டுருவோம். அவ கேட்டுருவா. திட்டையும் அவளே வாங்கிக்குவா."

"சூப்பு?"

"அது நான் கேக்கச் சொன்னது."

சாயங்காலம், பொரித்த வாழைப்பழம் ஒரு பொட்டலத்தோடு சுமியாத்தி தியுர்மாவின் வாசலில் நின்றாள். சூப் தனியாகத்தான் போகப்போகிறது, சனிக்கிழமை கட்டாயம் வந்துவிட வேண்டும் என்றாள். தியுர்மா சரியென்று பொட்டலத்தைப் பிரித்து, ஒன்றை எடுத்து அவளுக்கே நீட்டினாள்.

சுமியாத்திக்கு ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"அவங்க சொல்லச் சொன்னதெல்லாம் இருக்கட்டும். அந்த ஏற்பாட்டைப் பத்தி நீயா என்னடி நினைச்சே?"

தியுர்மா கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

"சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமேன்னு சந்தோஷப்பட்டேன் இபு. உங்க ஏற்பாடு பிடிச்சிருந்த ஒரே ஆளு நான்தான்."