ஐந்து சாட்சிகள்

மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார் கிளார்க் அழகிரிசாமி. "இந்தாம்மா, கட்டை விரலை நல்லா அமுக்கி வை."

"கைநாட்டு இல்லீங்க. கையெழுத்துப் போடுவேனுங்க" என்றாள் பூவாத்தாள்.

அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பேனாவைக் கொடுத்தார். ஒன்றிய ஆபீஸ் ரிஜிஸ்டரில் 'நகல் பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்கு எதிரே, அவள் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

"போய் பெஞ்சுல உக்காரு. ரெக்கார்டு ரூம்ல இருந்து காகிதம் வரணும்" என்றார் அழகிரிசாமி. முதலில் கையெழுத்து, அப்புறம்தான் காகிதம். அந்த ஆபீஸில் அதுதான் வழக்கம், யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

பெஞ்சில் சத்தியசீலன் இடம் விட்டு உட்கார்ந்தான். சூலூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருப்பவன், அங்கே நுகர்வோர் சங்கத்துக்கும் அவன்தான் செயலாளர். பூவாத்தாளின் பதினொரு மனுக்களும் அவன் மெஷினில் அடித்தவை.

பத்து மாதத்துக்கு முன்னால் காலனித் தண்ணீர்த் தொட்டி பட்டப்பகலில் சரிந்து விழுந்தது. கட்டி நாலு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. கீழே குடத்தோடு நின்றிருந்தாள் பூவாத்தாளின் ஒரே மகள் இனியா. ஒன்பது வயது.

பூவாத்தாள் அழுது முடித்து மாதக்கணக்காகிறது. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுகூட இப்போது அவளுக்குத் தெரிவதில்லை. விசைத்தறிக் குடோனில் தறிக்கு நூல்தார் சுற்றுகிறாள், லீவு போட்டு ஆபீஸ் ஆபீஸாகப் போகிறாள், திரும்பி வருகிறாள்.

எல்லா ஆபீஸிலும் ஒரே பதில்தான். தொட்டியைத் திறக்கும் முன் காலனிக்காரர்களே ஐந்து பேர் நேரில் பார்த்து, வேலை திருப்தி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பிறகு காண்ட்ராக்டரை என்ன செய்ய முடியும்? யார் அந்த ஐந்து பேர் என்று கேட்டால் மட்டும் பெரிய ஆபீசரிலிருந்து பியூன் வரை வாயில் கொழுக்கட்டை. கேட்டால் காட்ட வேண்டும் என்று புதுச் சட்டம் வந்ததால்தான் இன்றைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"பேரு தெரிஞ்சா என்னங்க்கா பண்ணுவீங்க?" என்று கேட்டான் சத்தியசீலன்.

"ஒண்ணும் பண்ண மாட்டேனுங்க. டேங்கைக் கண்ணுல பாத்துப்போட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேக்கோணும். அவ்வளவுதானுங்க."

"நான் உட மாட்டேங்க்கா. அஞ்சு பேரையும் கோர்ட்டுல ஏத்தாம உட மாட்டேன்."

"ஏத்துங்க" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

அந்தக் குரலைக் கேட்கச் சகிக்காமல் அவன் பேச்சை மாற்றினான். "கையெழுத்து நல்லா இருக்குதுங்க்கா. எங்க படிச்சீங்க?"

"அறிவொளி கிளாஸ்லதானுங்க தம்பி. மொத மாசம் பேரெழுத மட்டும் சொல்லிக் குடுத்தாங்க. அப்பக் காலனியில எல்லாத்துக்கும் அதே பைத்தியமுங்க. செவுத்துல, பஸ் டிக்கெட்டுல, ஆரு எதை நீட்டுனாலும் பேரெழுதிப் போடுவோம். இனியாவுக்கு அப்ப அஞ்சு வயசு. கையத் தட்டிச் சிரிப்பா." கொஞ்சம் நிறுத்தினாள். "வாசிக்க அப்புறந்தானுங்க வந்துச்சு. அதும் எழுத்துக் கூட்டித்தான்."

"பூவாத்தாள் யாரும்மா?" என்று குரல் கொடுத்தார் அழகிரிசாமி, பத்து நிமிடம் முன்பு பேசியதே மறந்தவர் போல.

சத்தியசீலன் ஓடிப்போய் ஜெராக்ஸை வாங்கி வந்தான். உட்காராமல் நின்றபடியே படித்தான்.

"'குடிநீர்த் தொட்டியை நேரில் பார்வையிட்டோம். வேலை தரமாகவும் திருப்தியாகவும் உள்ளது.' கீழ அஞ்சு கையெழுத்துங்க. லட்சுமியம்மாள்."

"அவளா? இனியாவுக்குத் தெனமும் தலை சீவி உட்டவளாச்சுங்களே."

"நஞ்சப்பன். மாராத்தாள்."

"ரெண்டு பேரும் எங்க வீதிதானுங்க."

"பொற்கொடி."

"எங்கூடத் தார் சுத்துறவ." பூவாத்தாள் எழுந்து நின்றாள். பத்து மாதத்தில் முதல்முறையாக அவள் குரல் உயர்ந்தது. "பொணத்தைத் தூக்குறப்ப என்னையக் கட்டிப் புடிச்சு அழுதாளுங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கலியே. சொல்லுங்க, அஞ்சாவது ஆரு?"

சத்தியசீலன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதை நாலாக மடித்தான்.

"அது ஜெராக்ஸ் சரியா உழுகலீங்க்கா. புரியல. வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"கோர்ட்டுக்குப் போகோணும்னீங்களே?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க. வேண்டாம் உடுங்க."

அவள் நகரவில்லை. கையை நீட்டிக் காகிதத்தை வாங்கிப் பிரித்தாள். கடைசிக் கையெழுத்தின் மேல் விரலை வைத்து, உதடு அசைய, எழுத்துக் கூட்டி வாசித்தாள். மறுபடி முதல் எழுத்திலிருந்து வாசித்தாள்.

"நல்லாத்தானே புரியுதுங்க தம்பி" என்றாள். "இது நானுங்க."