நம்பிக் கொடுத்த வேலை

முதலீட்டு ஆலோசகர்கள் தங்கள் குற்றப் பதிவை நெஞ்சில் ஒளிரும் பட்டையாக அணிய வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. சிறையிலிருந்து வந்த பாண்டுரங்கனுக்கு வேலை கொடுக்க விருதுநகரில் ஒரே ஒரு நிறுவனம்தான் துணிந்தது. அதுவும் முதல் நாள் மாலைக்குள் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

வத்தல் மண்டி தவமணி அண்ணாச்சி வந்தார். மாம்பழத்தை முகர்வதுபோல நெஞ்சுப் பட்டையை நெருங்கிப் படித்தார்.

"நாப்பத்தோரு பேர ஏமாத்தியிருக்க. எத்தன வருஷம் மாட்டாம ஓட்டுன?"

"ஒம்பது, அண்ணாச்சி."

"சபாஷ்! என் பணத்துக்கு முப்பது சதவீதம் காட்டு. எவன் குடி கெட்டா எனக்கென்ன?"

"நான் திருந்திட்டேன் அண்ணாச்சி. ஏழு சதவீதம் தர்ற அரசாங்கப் பத்திரம்தான் சொல்லுவேன்."

"கூறுகெட்டவனே! ஏழுக்கு உன் மூஞ்சிய எதுக்குப் பாக்கணும்?"

எழுந்தவர், பக்கத்து மேசைக்காரரின் பட்டையைப் பார்த்தார். முப்பது வருட அனுபவம். ஒரு வழக்குகூட இல்லை. அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது.

"முப்பது வருஷமா மாட்டவே இல்லையா! நீங்கதான்யா தொழில்காரரு."

மேசைக்காரர் மறுக்கவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

மாலையில் மேலாளர் வந்து பாண்டுரங்கனின் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

"குத்தவாளின்னு நம்பித்தானப்பா உனக்கு வேல குடுத்தோம்."