ஒரு பக்கம்கூடப் படிக்காதவள்

"இத்தனை வருஷத்துல அவ உன் புத்தகத்துல ஒரு பக்கமாவது படிச்சிருக்காளாடா?"

அக்கா இப்படிக் கேட்டபோது, தம்பி மேஜையின் இரண்டு பக்கமும் விளக்கைப் போட்டு நடுவில் ஒரு டம்ளரை நிறுத்திக்கொண்டிருந்தான். அவன் எழுதுகிற கிரகத்துக்கு இரண்டு சூரியன். அங்கே நிற்கிற ஆளுக்கு நிழல் எப்படி விழும் என்று தெரியாமல் அடுத்த வரி நகராது.

"இல்லக்கா. அவளுக்கு ராக்கெட், டிராகன் எல்லாம் ஒத்து வராது. தலை சுத்துதாம்."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சொந்தமாகத் தையல் கடை வைத்திருப்பவள் அவள். வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று நாலு நாள் தங்க வந்திருந்தாள். வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். காலையில் உட்கார்ந்தால் மதியம்வரை எழுந்திருக்க மாட்டான். எழுந்தால் அறைக்குள்ளேயே நடப்பான், தனக்குத்தானே பேசுவான், மறுபடி உட்கார்ந்து எழுதினதையெல்லாம் அழிப்பான். நடுவில் பதிப்பாசிரியர் போன் பண்ணுவார்.

"சார், போன பாகத்துல அந்தக் கப்பலுக்கு ஜன்னலே கிடையாதுன்னு எழுதியிருக்கீங்க. இதுல கிழவி ஜன்னல் வழியா எட்டிப் பார்க்குறாங்களே?"

அவ்வளவுதான். மூன்று நாள் வேலை போச்சு.

இந்தப் பாடு படுகிறவனைப் பார்த்து, கட்டினவள் ஒரு வார்த்தை நல்லாருக்கு என்று சொல்ல வேண்டாமா? அக்காவும் அவன் புத்தகங்களில் பின்னட்டையைத் தாண்டிப் போனதில்லை என்பது வேறு விஷயம்.

தம்பி மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. அன்றைக்கு அரை நாள்தான். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"நேத்து கிழவி செத்துட்டா," என்றான் தம்பி.

"எந்தக் கிழவி?" என்றாள் மனைவி.

"அதான், ஆரம்பத்துலேருந்து பேத்தியை ஏத்திக்கிட்டு விண்கப்பல் ஓட்டிட்டு வர்றாளே."

"ஓ. இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா?"

அக்கா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். வாயைத் திறந்தால் சண்டையில்தான் முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

சாப்பிட்டதும் தம்பி சட்டையை மாட்டினான். "பதிப்பகத்துல கொஞ்சம் வேலை இருக்கு. சாயங்காலம் வந்துடுவேன்." கிளம்பிப் போய்விட்டான்.

அக்கா கொஞ்சம் கண்ணயர்ந்தாள். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவள், தம்பியின் அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

அவன் நாற்காலியில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில், திருத்துவதற்காக அவன் அச்செடுத்து வைத்திருந்த தாள்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

அவள் தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். "அண்ணி, அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"தலை சுத்தும்னு சொன்னியாமே?"

"கல்யாணமான புதுசுல படிச்சேன் அண்ணி. அந்த டிராகன் மட்டும் கொஞ்சம் அதிகமா பேசுதுன்னு விளையாட்டாச் சொன்னேன். மறுநாளே அது வாயைக் கட்டிட்டார். அப்புறம் ஒரு வரி எழுதினா என் முகத்தைப் பார்ப்பார். நான் கொட்டாவி விட்டா அத்தியாயமே போயிடும். கடைசில எழுத்தே நின்னு போச்சு. காலையிலேருந்து வெறும் திரையையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பார். எனக்குப் பயம் வந்துடுச்சு."

"அதுக்கு?"

"எனக்கு இதெல்லாம் புரியல, இனிமே படிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். முகம் சுருங்கிப் போச்சு. ஆனா அந்த வாரமே எழுத உட்கார்ந்துட்டார். அவர் வெளியே போனதும் எடுத்துப் படிச்சுட்டு, இருந்தபடியே வச்சிடுவேன். ஒரு பாகம்கூட விட்டதில்ல."

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சரி, அவன்கிட்ட மூச்சு விட மாட்டேன். அந்தக் கிழவி எப்படித்தான் செத்தா?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். கப்பலில் மிச்சமிருந்த காற்று ஒரு ஆளுக்குத்தான் போதும் என்ற இடம் வந்தபோது அக்காவுக்கும் மூக்கு உறிஞ்ச வேண்டியதாகிவிட்டது.

மறுநாள் தம்பிதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தான். அக்காவுக்கு மனசு உறுத்தியது. கொடுத்த வாக்கையும் மீறக் கூடாது, பேசினதையும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

"உன் பொண்டாட்டியைப் பத்தி நான் ஏதோ அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்டா. மனசுல வச்சுக்காதே."

"ஏன், படிச்சுட்டு அழுதாளா?"

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். "உனக்கு எப்படிடா தெரியும்?"

"நேத்து சாயங்காலத்துலேருந்து என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. கிழவியைக் கொன்னது நான்தானே? அப்பவே தெரிஞ்சுது, அந்த அத்தியாயம் சரியா வந்திருக்குன்னு."

"தெரிஞ்சே சும்மா இருக்கியா?"

"கேட்டா நிறுத்திடுவா அக்கா."

பஸ் வந்தது. அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பெட்டியை ஏற்றிவிட்டு இறங்கியவனிடம் கேட்டாள்.

"நேத்து நல்லவேளையா உனக்குப் பதிப்பகத்துல வேலை வந்துச்சு. இல்லைன்னா அவ எப்படிப் படிச்சிருப்பா?"

"பதிப்பகத்துல எனக்கு என்னக்கா வேலை? ஒரு அத்தியாயம் முடிஞ்சா, அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் பார்க்குல போய் உட்கார்ந்திருப்பேன்."