கரிச் சிலுவை

“நேத்து மத்தியானம் நானே தூக்கிப் பாத்தேங்க ஐயா. கை கடுத்துப்போச்சு. இப்பப் பாருங்க, ஒத்தை விரல்ல தூக்கலாம்.”

மூப்பர் ஜீவரத்தினம் பிடி அரிசி மூட்டையைப் போதகரின் காலடியில் போட்டார். சத்தமே வரவில்லை.

புத்தலப்பட்டுக்குப் பக்கத்திலிருந்த அந்த மிஷன் ஊரில், உலை வைக்கிற வீடெல்லாம் முதல் பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனியாக எடுத்து வைக்கும். சனிக்கிழமை காலையில் விதவை கிருபாபாய் வீடு வீடாகப் போய் அதை வாங்கிவந்து கோயில் அறையில் பூட்டுவாள். மறுநாள் ஆராதனையில் அது பீடத்துக்கு முன்னால் வரும். மழை பொய்த்து ரெண்டு வருஷம். பாதி வீடுகளில் உலையே ஏறுவதில்லை.

“சாவி அவகிட்டதானே இருக்குது? வர்ற வாரம் திருவிருந்துல அவளுக்கு அப்பமும் ரசமும் கெடையாதுன்னு சொல்லிடுங்க.”

“கண்ணால பாக்காம ஒரு விதவையை எப்படி நிறுத்தறது?”

“பாத்துட்டு வந்தா?”

“நீங்களே சபை முன்னால எழுந்து சொல்லுங்க.”

“சொல்றேன். இந்தப் பஞ்சத்துலயும் என் வீட்டுப் பானை வத்தலை. ஏன்? கோயில் அரிசியில நான் கை வெச்சதில்லை. விசுவாசங்க ஐயா!”

ஊருக்கு வேறு பயம் இருந்தது. முன்பெல்லாம் பிடி அரிசி வாங்க வந்தவள் ஞானசௌந்தரி. இடது காலை இழுத்து இழுத்து வந்து, கொட்டாங்கச்சியால் பின்கதவைத் தட்டுவாள். டொக், டொக். போன லெந்து நோன்புக் காலத்தில் செத்துப்போனாள். பட்டினி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

புதைத்த பிறகும் சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் அந்தச் சத்தம் கேட்டது. டொக், டொக். சில வீட்டுக்காரர்கள் பின்கதவில் கரியால் சிலுவை போட்டு வைத்தார்கள்.

“அப்பவும் தட்டுது மூப்பரே” என்றாள் ரத்னம்மா. “சிலுவை போட்ட கதவாப் பாத்துத்தான் தட்டுது.”

“தய்யமு சாமி, தய்யமு!” என்றார் பக்கத்துக் கொல்லி நிலத்துக்காரர் கிருஷ்ணப்பா. அவருக்குப் பயம் வந்தால் தெலுங்கும் வந்துவிடும். “பேய்தான். எங்க நாய்கூடக் கொலைக்கல.”

“சிலுவையைப் பாத்து ஓடாத பேயா? உங்க விசுவாசம் அவ்ளோதான்!” ஜீவரத்தினம் சிரித்தார்.

அவர் மனைவி ஜெபமணி சிரிக்கவில்லை. “சனிக்கெழம சாயங்காலம் நீங்க பாட்டுக்கு வடக்கூர் ஜெபக்கூட்டத்துக்குப் போய்டுங்க. இங்க இருக்காதீங்க” என்றாள்.

அந்தச் சனிக்கிழமையும் அவர் வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். வடக்கூருக்குப் போகவில்லை. கோயில் புளியமரத்துக்குப் பின்னால் நின்றார்.

வெளிச்சம் மங்கியது. மாடுகளை விற்றுத் தீர்த்த ஊர், ஒரு மணிச்சத்தம் இல்லை. கோயில் அறைப் பக்கமிருந்து வெள்ளைச் சேலை ஒன்று நகர்ந்து வந்தது. முக்காடு. இடுப்பில் மூட்டை. இடது கால் மண்ணில் இழுபட்டது.

அதே நடை.

ஜீவரத்தினம் வேதப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஜெபம்கூட வரவில்லை. ஆனாலும் பின்னாலேயே போனார்.

ரத்னம்மா வீட்டுப் பின்கதவு. கரிச் சிலுவை. டொக், டொக்.

கதவு ஒரு சாண் திறந்தது. முகம் தெரியவில்லை. உள்ளேயிருந்து ஒரு பானை மட்டும் வெளியே நீண்டது. அந்த உருவம் மூட்டையில் கொட்டாங்கச்சியை விட்டு அள்ளி, பானையில் போட்டது. கதவு மூடிக்கொண்டது.

திரும்பும்போது முக்காடு சரிந்தது.

கிருபாபாய்!

போன உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது. ‘கோயில் அரிசியை ஊருக்கு வாரி எறைக்கிறியா? இரு, கடைசிக் கதவுல வெச்சிப் பிடிக்கிறேன்.’

சிலுவை இல்லாத கதவுகளை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. சிலுவை போட்ட கதவுகளில் நின்றாள். தட்டினாள். அள்ளினாள். காலை இழுத்துக்கொண்டே அவருடைய தெருவுக்குள் திரும்பி, ஒரு பின்கதவுக்கு முன்னால் நின்றாள்.

அது அவர் வீடு.

மங்கிய வெளிச்சத்தில் கதவின் அடிப்பக்கம் சின்னதாக ஒரு கரிச் சிலுவை தெரிந்தது. அவர் போட்டதில்லை.

டொக், டொக்.

பானையைப் பிடித்து நீண்ட கையை அவருக்குத் தெரியும்.

“அவரு போயிட்டாரா ஜெபமணி?”

“போயிட்டாருக்கா. ரெண்டு போதும்.”

“மூணா வெச்சிக்க. அவருக்குப் பசி தாங்காது.”

“தெரிஞ்சா வெக்கத்துல செத்துடுவாருக்கா. பானை வத்தலைன்னு ஊரெல்லாம் சாட்சி சொல்லிக்கினு இருக்காரு.”

“எப்படித் தெரியும்? செத்தவ பின்னால எவன் வருவான்?”

வேதப்புத்தகம் வியர்வையில் நனைந்துபோயிருந்தது. ஜெபக்கூட்டம் முடிகிற நேரம் வரைக்கும் ஜீவரத்தினம் வெளியிலேயே நின்றுவிட்டு, வழக்கம்போல வீட்டுக்குள் போனார். ஜெபமணி சோறு போட்டாள்.

“நீ துன்னியா?”

“ஆச்சு.”

முதல்முறையாக அவர் அதை நம்பவில்லை. பாதியை அவள் பக்கம் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை. பீடத்துக்கு முன்னால் ஒட்டிப்போன மூட்டை. குறைகிற அரிசியைப் பற்றி மூப்பர் சாட்சி சொல்லப்போகிறார் என்ற விஷயம் எப்படியோ கசிந்திருந்தது. கடைசி வரிசையில் கிருபாபாய் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

“மூப்பர் கண்ணால பாத்ததைச் சொல்லுவாரு” என்றார் போதகர்.

ஜீவரத்தினம் எழுந்தார். கொஞ்ச நேரம் மூட்டையையே பார்த்தார்.

“பேய் இருக்குது” என்றார்.

கடைசி வரிசையில் குனிந்திருந்த தலை நிமிர்ந்தது.

“நேத்து என் வீட்டுக்கே வந்துச்சு. சனிக்கெழம பொழுது சாஞ்சா யாரும் வெளிய தலை காட்டாதீங்க. அது பாட்டுக்கு வந்துட்டுப் போவட்டும்.” கிருபாபாய் பக்கம் அவர் திரும்பவே இல்லை. “கதவுல சிலுவை போடக் கரி இல்லாதவங்க, என் வீட்டுல வந்து எடுத்துக்குங்க.”