ஒட்டாத உதடுகள்

மகன் மண்டியாவிலிருந்து நாகரத்னாவைக் கட்டிவந்த நாள் முதல் தணிகாசலம் அவளோடு பேசவில்லை. வீட்டில் கன்னடம் காதில் விழக்கூடாது என்றும் சொல்லியிருந்தார். ஐப்பசியில் பக்கவாதம் வந்து அவருடைய உதடுகள் ஒட்டாமல் போயின.

"ஹாலு... ஹாலு..." என்றார். 'ப' வரவேண்டிய இடத்தில் வெறும் மூச்சே வந்தது.

"என்னப்பா வேணும், ஒண்ணும் புரியலயே" என்றான் மகன்.

நாகரத்னா பாலை ஆற்றி எடுத்துவந்தாள். "பால் கேக்கறாருங்க. எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் குடித்தார். பிறகு பல் ஹல்லானது, பூ ஹூவானது. எல்லாவற்றுக்கும் அவளே எழுந்து வந்தாள்.

மாசியில் உதடுகள் மறுபடி ஒட்டின.

"பேப்பர் எங்கடா?" என்று மகனிடம் தெளிவாகக் கேட்டார். அப்புறம் அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"அம்மா நாகரத்னா, கொஞ்சம் ஹாலு."